நாலாவது வெடியோடு நின்ற கதை

நங்கையா,

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் என்னைத் தும்ம வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இன்றைக்குக் காலையில் சிலேட்டைத் துடைத்து உள்ளறை மாடத்தில் வைக்கப் போனேன். அங்கே உங்கள் பொடி டப்பி. மூடி சரியாக மூடவில்லை. அது எந்த நாளில் சரியாக மூடியிருந்தது? டப்பி உருண்டு நேரே என் மூக்கில் கொட்டியது. ஒன்பது தும்மல், எண்ணிக்கொண்டேதான் தும்மினேன். பேத்தி ஓடி வந்து, தும்மினால் கெட்ட சகுனமா என்று கேட்டாள். "இது சகுனமில்ல கண்ணு, உங்கொப்பனோட அத்தை" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்த வீட்டில் பொடி போட்ட ஒரே ஆள் நீங்கள். கதையை நடுவில் நிறுத்திப் பொடி எடுப்பீர்கள். பருத்தி வாசம், பொடி வாசம், உங்கள் வெள்ளைச் சேலையின் கஞ்சி வாசம் மூன்றும் சேர்ந்து வந்தால் இன்னும் எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வந்துவிடுகிறது. வந்த எரிச்சலை என்ன செய்வது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருக்கும்போதே நான் எழுதியதை நான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். இதையும் எழுதி முடித்ததும் சத்தமாகவே படித்துவிடுகிறேன்.

நமக்குள் முப்பது வருஷச் சண்டை ஒன்றுதான். ஒரு கதைக்கு யார் தலையாள் என்பது. மற்றபடி நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் போடுகிற சண்டை ஒன்றும் நாம் போட்டதில்லை. உப்புக்கும் மிளகாய்க்கும் உங்களோடு நான் வாதாடியதில்லை. கதைக்குத்தான் வாதாடினேன்.

நான் கோயமுத்தூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது, இந்தப் பக்கத்தில் எழுத்துத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதை நான் அடக்கமாக வைத்துக்கொண்டதில்லை, இப்போதும் அப்படித்தான். எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார்: கதை என்றால் அதற்கு ஒரு தலைவன் உண்டு, அவன் முதலில் வருவான், கஷ்டப்படுவான், கடைசியில் ஜெயிப்பான். நான் படித்த பாடப் புத்தகத்தில் எல்லாக் கதையும் அப்படித்தான் இருந்தது. நீங்கள் சொன்ன ஒரு கதையும் அப்படி இருந்ததில்லை.

நம் வீட்டில் பெருமையாகச் சொல்ல ஒரு கதை இருந்தது, பெரிய கிணறு வெட்டின கதை. ஏழு வருஷம் பாறையை உடைத்து என் மாமனார், அதாவது உங்கள் அப்பா, வெட்டின கிணறு. ஊரே சிரித்தது, அவர் விடவில்லை. பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, திரி வைத்து வெடிக்கிற வேலை. கடைசி நாள் ஐந்து குழியில் மருந்து வைத்தார்கள். நாலு வெடித்தது, ஐந்தாவது வெடிக்கவில்லை. எல்லாரும் சோர்ந்து நிற்க, அவர் மட்டும் பிள்ளையாரை நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் ஐந்தாவதும் வெடித்து, ஊற்றுக் கண் திறந்து, பனை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. விருந்தாளி வந்தால் என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். இதில் தலைவன் யார் என்று சந்தேகம் வர இடமே இல்லை. சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்தது.

மத்தியான நேரத்தில் வாசலில் பருத்தியைக் குவித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து சருகு பொறுக்குவோம். அப்போது கிணற்றுக் கதை கேட்பார்கள். நீங்கள் பொடி ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு ஆரு பொறகால போலாம்?" என்பீர்கள். அதிலேயே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிடும். யார் பின்னால் போவது என்று தினம் தினமா கேட்பார்கள்?

ஒரு நாள் கல் இழுத்த மாட்டின் பின்னால் போனீர்கள். ஜோடியில் இடது பக்கத்து மாடு. அதற்கு முழங்காலில் ஒரு புண். ஏறும்போது நோகும், இறங்கும்போது நோகாது. அதனால் ஒவ்வொரு தடவையும் மேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். பெண்கள் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டார்கள். ஒருத்தி மடியிலிருந்த பருத்தியை அப்படியே விட்டுவிட்டாள். நாலாவது வெடிச் சத்தத்துக்கு மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிப் பிடித்துக் கட்டுவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. கதை முடிந்தது. தண்ணீர் எங்கே? என் மாமனார் எங்கே?

அடுத்த வாரம் கிணற்றாள் ஒருவனின் பெண்டாட்டி. கம்பங்கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து வருகிறவள். காலையில் புருஷனோடு சண்டை. அவன் சாப்பிடாமல் போய்விட்டான். இன்றைக்குக் குடிப்பானா மாட்டானா என்று நினைத்துக்கொண்டே வருகிறாள். அவள் கிணற்று மேட்டுக்கு வந்து சேர, நாலாவது வெடி வெடிக்க, கஞ்சியில் மண் விழுந்துவிட்டது. அதோடு சரி. நான் கோபத்தில் பருத்தியைக் கீழே வைத்துவிட்டு, கதை என்றால் கடைசி வரை ஒரே ஆளோடு போக வேண்டாமா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "நங்கையா ஆள மாத்துனா மாத்தறாங்க அம்மணி. உங்க பருத்திய ஒண்ணும் மாத்தலையே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

கயிற்றின் பின்னால் போனீர்களே, அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது. ஆளை இறக்குகிற வடக்கயிறு, அதில் ஒரு புரி தேய்ந்து போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. கயிற்றை வைத்தா ஒரு கதை என்று கேட்டேன். நீங்கள் நிதானமாக என்னைப் பார்த்தீர்கள்.

"அது அந்துபோயிருமோன்னு நீ பயந்தயா இல்லியா?"

"பயந்தனுங்க."

"அப்ப அதுதான் ஆளு. ஆருக்கு என்ன ஆயிருமோன்னு நமக்குப் பதறுதோ, அவங்கதான் கதைக்கு ஆளு. எங்கொப்பன் மேட்டுல கொடை புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. அவருக்கு என்ன ஆவப்போவுது?"

பெற்ற அப்பனை அப்படிச் சொல்கிறீர்களே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் பொடி போட்டீர்கள். அன்றைக்கும் கதை நாலாவது வெடியோடு நின்றது. கயிறு அறுந்ததா இல்லையா என்று இந்த நாள் வரைக்கும் தெரியாது.

நாலாவது வெடிக்கு மேல் நீங்கள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதினால் அது பொய். தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்த மறுவருஷம் நடந்தது அது. அன்றைக்கு அடுப்படியில் நானும் இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள். தாய்வீட்டுக்கு ஒத்தாசையாக நீங்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஐந்தாவது குழி வெடிக்கவில்லை. மாமனார் பொறுமையாகக் காத்திருக்கவில்லை. மேட்டில் குடையோடு உட்கார்ந்து, யாராவது இறங்கிப் பாருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். கிணற்றாள்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர்தான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் கீழே போய்ச் சேர்ந்த நேரம் அது வெடித்தது. அந்த வெடியில்தான் ஊற்றும் திறந்தது.

உங்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை. மருமகனை விழுங்கின கிணறு என்று பேர் வந்துவிடும், தண்ணீரைக் கோயிலுக்கும் எடுக்க மாட்டார்கள் என்று மாமனார் பயந்தார். ஊருக்குத் தெரியும், ஆனால் வெளியூருக்கு உங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லச் சொல்ல நம் வீட்டுக்குள்ளேயும் அது காய்ச்சலாகவே ஆகிவிட்டது. இது தெரிந்தும், மாட்டையும் கஞ்சிப் பானையையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நீங்கள் எதைச் சுற்றி வந்தீர்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. ஒழுங்காகக் கதை சொல்லத் தெரியாதவர் என்றே நினைத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த மூளை அப்படித்தான் நினைத்தது.

பிறகு என் மகள் சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். ஆறு வருஷத்துக்கு முந்தி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். பையன் கோயமுத்தூரில் மில் ஆபீசில் இருந்தான். அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. சின்னவள் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துகொண்டிருந்தாள். இந்த இடமும் தட்டினால் அவள் தாங்க மாட்டாள் என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பையனின் பெரியப்பா சொல்வதுதான் அந்த வீட்டில் முடிவு. அவர் கிணறு வெட்டின ஆள் என்றும், நம் கிணற்றுக் கதையைக் கேட்க ஆசைப்படுகிறார் என்றும் தரகர் சொன்னார். அதுவும் உங்கள் வாயால் கேட்க வேண்டுமாம். உங்கள் கதையின் கீர்த்தி பொள்ளாச்சி வரைக்கும் போயிருந்தது!

நீங்கள் பாட்டுக்கு மாட்டின் பின்னால் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் நானே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். முதலில் மாமனார், நடுவில் மாமனார், கடைசியில் மாமனார். ஐந்தாவது வெடி, பிள்ளையார், பனை உயரத் தண்ணீர். மாமனார் பெயர் வருகிற இடமெல்லாம் மருமகள் நான் வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்பட்டுப் "பெரியவர்" என்றே எழுதினேன். மூன்று மத்தியானம் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்றேன். நீங்கள் பருத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி அம்மணி" என்றீர்கள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் முன்னால் வரக் கூடாது. தாலி இழந்தவர் மங்கல காரியத்தில் எதிரில் நிற்கக் கூடாது என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களே உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். வெளியே முன்கூடத்து ஆசாரத்தில் கட்டில் போட்டுப் பெரியப்பாவும் மற்றவர்களும். கதவு ஒருக்களித்திருந்தது. உங்கள் குரல் மட்டும் வெளியே வந்தது.

நான் கதவோரம் நின்று, மனதுக்குள் என் நாலு பக்கத்தையும் புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. நான் எங்கே புள்ளி வைத்தேனோ அங்கே நிறுத்தினீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதிக்கு மேல்தான் கவனித்தேன்: யாரும் "ம்" கொட்டவில்லை. வந்தவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் விசிறிக்கொண்டிருந்தார். உங்கள் கதைக்கு யாரும் விசிறி நான் பார்த்ததில்லை.

நாலாவது வெடி வந்தது. குரல் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு நான் எழுதியபடியே ஐந்தாவதையும் சொன்னீர்கள். பிள்ளையார் வந்தார், தண்ணீர் வந்தது, பெரியவர் ஜெயித்தார்.

பெரியப்பா கைத்தடியை எடுத்து ஊன்றிக்கொண்டார். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்துக் கேட்டார்.

"வெடிக்காத மருந்த அப்படியே உட்டுட்டு ஆரும் சும்மா காத்துட்டிருக்க மாட்டாங்களே. அதுல ஆருங்க எறங்குனாங்க?"

உங்களைக் கேட்ட கேள்வி அது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சின்னவளின் வளையல் சத்தம் கேட்டது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஆரும் எறங்கலீங்க."

உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது. "ம்."

அந்தக் கதைக்கு அன்றைக்கு விழுந்த ஒரே "ம்" அது.

சம்பந்தம் முடிவாயிற்று. தாம்பூலம் மாற்றினார்கள். சின்னவள் இன்றைக்கு இரண்டு பிள்ளைக்குத் தாய், நன்றாக இருக்கிறாள். நீங்கள் மறுநாளே வழக்கம்போல் பருத்திக்கு வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு எனக்கும் தீர்ந்திருக்கும். அந்த உபகாரமும் நீங்கள் செய்யவில்லை. கடைசியில் நானே உங்கள் மேல் பாய்ந்தேன். அவர் கேட்டாரே, நீங்கள் பேசியிருக்கலாமே, ஒரு "ம்" போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன நினைப்பது என்று கேட்டேன்.

"நேத்து அது உன்ற மவ கதை அம்மணி. அவளுக்கு என்ன ஆயிருமோன்னுதான் எனக்குப் பதறிட்டிருந்துச்சு. அதுக்கு நடுவுல எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு வந்து என்ன பண்ணுவாரு?"

எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ஒரு நாளாவது அவரைக் கதைக்கு ஆளாக வைத்துச் சொல்லுங்களேன் என்றேன். இத்தனை வருஷம் மாட்டுக்கும் கயிற்றுக்கும் கொடுத்த இடத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாதா? நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள்.

"ஆளுன்னா பேரு சொல்லோணுமல்லொ. நான் எப்படிச் சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டினவர் பெயரைப் பெண் வாயால் சொல்லக் கூடாது. நானே இன்று வரைக்கும் சொன்னதில்லை. ஜனக்கணக்கு எடுக்க வந்த ஆள் வீட்டுத் தலைவர் பெயரைக் கேட்டபோது, நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சிலேட்டு இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது? அவர் பெயரை வாயில் எடுக்காமல் அந்தக் கிணற்றுக்குப் போக, மாடும் கஞ்சிப் பானையும் கயிறும்தான் இருந்தன. நீங்கள் ஆளை மாற்றவே இல்லை.

"எழுதுனா சொன்ன மாதிரி ஆவாதா?" என்று கேட்டீர்கள். ஆகாது, வாய் வேறு கை வேறு என்றேன். சிலேட்டை எடுத்து வரச் சொன்னீர்கள். அவர் பெயரை எழுதினேன். சிலேட்டை மடியில் வைத்து, தலைகீழாகத்தான் வைத்திருந்தீர்கள், நான் திருப்பி வைத்தேன், ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"இத்தனூண்டுதானா? அவங்க நெம்ப நெட்டையாச்சே" என்றீர்கள்.

பிறகு யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று உள்ளங்கையால் அழித்துவிட்டுப் பொடி டப்பியைத் தேடினீர்கள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தீர்கள். வேறு கதை எவ்வளவோ சொன்னீர்கள். கிணற்றுக் கதை மட்டும் சொல்லவில்லை. பெண்கள் கேட்டால், "அத அம்மணி எழுதிப்போட்டா. இனி அது எந்திரிச்சு நடக்காது" என்பீர்கள். இதை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். எத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்! என் எழுத்தைப் பற்றி இந்த ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இனி இந்த மாதம் நடந்தது. நம் தோட்டத்துக்குப் பைகாராக் கரண்டு வந்துவிட்டது. பெரிய கிணற்றுக்கு மோட்டார் வைத்து, அதற்கு ஓர் அறையும் கட்டினார்கள். அறையின் முகப்பில் கிணறு வெட்டினவர் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று என் மகன் பெரியவன் ஆசைப்பட்டான். கல்தச்சன் பார்த்து வெட்டுவதற்கு முத்து முத்தாக எழுதித் தர யார் இருக்கிறார்கள்? என்னிடம்தான் வந்தான். ஒரே ஒரு பெயர், அவன் தாத்தாவின் பெயர்.

சிலேட்டை எடுத்தேன். மாமனார் பெயரை எழுதினேன். அதற்கு மேல், முதல் வரியில், இன்னொரு பெயரையும் எழுதினேன்.

என் வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மாறிவிட்டது. மோட்டார் போடுகிற அன்றைக்குப் பொள்ளாச்சிச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், கல்லைப் பார்ப்பார்கள், யார் இது என்று கேட்பார்கள், கிணற்றுக் கல்லில் காய்ச்சலில் போனவர் பெயர் எதற்கு என்பார்கள். "ஆரும் எறங்கலீங்கன்னு சொன்னவ நீ. உன்ற மானந்தான் போவும்" என்றார். போனால் என் மானம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் என்னை யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. சின்னவளை அவள் மாமியார் வீட்டில் குத்திக்காட்டுவார்களே என்று வேறு இருந்தது. அழித்துவிடலாமா என்று இரண்டு தடவை உள்ளங்கையைச் சிலேட்டுக்கு மேலே கொண்டு போனேன். அது நீங்கள் அழித்த அதே இடம். கையை எடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சிலேட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மச்சான் கட்டல்ல படுத்தா காலு ரெண்டும் வெளிய நீட்டிட்டிருக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் தன் அக்கா புருஷனைப் பற்றி அவர் வாயால் நான் கேட்ட முதல் பேச்சு அது. எழுந்து போய்க் கல்தச்சனிடம் சிலேட்டை அவரே கொடுத்தார். நான் பின்னாலேயே போய், முதல் வரி எழுத்தை மட்டும் நெட்டையாக வெட்டு என்றேன்.

நேற்று மோட்டார் போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள், பொத்தானை அமுக்கினார்கள். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பொள்ளாச்சிப் பெரியப்பா மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் ஓடிப்போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தப் பேரு மட்டும் நெட்டையா இருக்குதுங்களே அம்மணி?"

"ஆளு நெட்டைங்க" என்றேன். "அஞ்சாவது குழிக்கு எறங்குனது அவங்கதானுங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க."

அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கே தெரியுமுங்க. நாலாவது வெடிகிட்ட உள்ள கொரலு நின்னுச்சல்லொ. என்ற தம்பியவும் நான் கெணத்துலதான் உட்டனுங்க. அந்த அம்மா பேசுனா நானும் பேசலாம்னுதான் கேட்டேன். நீங்க ஆரும் எறங்கலீன்னதும் வாய மூடிட்டேன்."

கேட்டீர்களா நங்கையா? அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவர் கேள்வியிலேயே அது உங்களுக்கும் புரிந்திருக்கும், தரையைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆசாரத்தில் மறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஆறு வருஷம் அதைப் பத்திரமாக வேறு வைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசவிடாமல் நடுவில் நின்றிருக்கிறேன். இதை ஒரு நாள் நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல மாட்டீர்கள். யார் யாருக்கோ பதறுவீர்கள், உங்களுக்காக ஒரு நாளும் பதற மாட்டீர்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

எழுதினதைத் திருப்பிப் பார்க்கிறேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்து பக்கம் பக்கமாக என்னைப் பற்றியே எழுதியிருக்கிறேன். யாருக்கு என்ன ஆகிவிடுமோ என்று பதறுகிற இடத்திலெல்லாம் நானே நிற்கிறேன். இதையும் நீங்கள் கேட்டால், "இதுல ஆரு அம்மணி ஆளு?" என்று பொடி எடுப்பீர்கள்.

சரி. நான் எழுதிக் கெடுத்த கதையை நானே நடக்க வைக்கிறேன். நேற்று ராத்திரி பெரியப்பா ஊருக்குப் போகும்போது, அடுத்த தடவை வந்தால் முழுதாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட வேண்டும். ஆரம்பத்தை மட்டும் இங்கே எழுதிவிட்டு, மீதியை வாயாலேயே சொல்கிறேன். உங்களால் சொல்ல முடியாத பெயரைச் சொல்ல எனக்குத் தடை ஒன்றும் இல்லை. மாட்டையும் விடவில்லை, கஞ்சிப் பானையையும் விடவில்லை, அவர்களும் வருவார்கள். உங்கள் பொடி டப்பியை மூடி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

மாரப்பன் என்று ஒருத்தர் இருந்தார். நல்ல நெட்டை. கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு மத்தியானம் நாலு வெடி வெடித்துவிட்டது.

"ம்" கொட்டுங்கள், நங்கையா. அப்போதுதான் மேலே சொல்வேன்.